கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? குச்சி, கொட்டை, குழந்தைகளின் கணக்கு

அக்கா மகளுக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 52இல் 27 போக வேண்டும். "ரெண்டுல ஏழு போகாது. பக்கத்து வீட்டு அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கு. அஞ்சு நாலாச்சு, ரெண்டு பன்னெண்டாச்சு" என்று, எனக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியே சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "ஒண்ணுதானே வாங்குனோம், எப்படி சித்தி பன்னெண்டாச்சு? அப்புறம், கடன் வாங்குனா திருப்பிக் குடுக்க வேணாமா?"

இரண்டுமே சரியான கேள்விகள். வாங்கியது ஒன்று என்றால், இரண்டோடு சேர்ந்து மூன்றாகத்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு ஆனதற்குக் காரணம், பக்கத்து வீட்டில் இருப்பது ஐந்தல்ல, ஐம்பது. அதைத்தான் ‘கடன்’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. போதாததற்கு, அது கடனும் அல்ல. யாரும் எதையும் திருப்பித் தரப்போவதில்லை. நம் பாடப்புத்தகங்களில் ‘இனமாற்றம்’ என்று இதற்கு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் வகுப்பிலும் வீட்டிலும் நம் வாயில் வருவது கடன்தான்.

அன்றைக்குக் கைக்கு அகப்பட்டது தென்னந்துடைப்பம். ஈர்க்குச்சிகளை உருவி ஒரு விரல் நீளத்துக்கு ஒடித்தோம். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டாள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுலேர்ந்து இருபத்தேழு குச்சி எனக்குக் குடு" என்றேன். முதலில் இரண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். பிறகு இரண்டு உதிரி. இன்னும் ஐந்து வேண்டும். மிச்சம் இருப்பதெல்லாம் கட்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரிச்சுக்கலாமா?" என்றாள்.

நான் முந்திக்கொண்டு "கட்டைப் பிரி" என்று சொல்லியிருந்தால், ‘கடன் வாங்கு’ போலவே அதுவும் காரணம் தெரியாத இன்னொரு கட்டளையாகியிருக்கும். அவளுக்குக் குச்சி தேவைப்பட்டது, கட்டுக்குள் பத்துக் குச்சி இருப்பது அவள் கட்டிய கட்டு என்பதால் அவளுக்கே தெரியும், ஆகவே பிரித்தாள். ஐந்து கட்டு நான்கானதும் இரண்டு பன்னிரண்டானதும் இந்த ஒரு செயலைத் தாளில் எழுதும் விதம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் பத்துகளிலிருந்து தொடங்கினாள். தாளில் நாம் ஒன்றுகளிலிருந்து, வலமிருந்து இடமாகப் போகச் சொல்கிறோம். பொருளோடு வேலை செய்யும் குழந்தைகள் பெரும்பாலும் பெரிய கட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். கடையில் சில்லறை எண்ணும்போது நாமும் அப்படித்தான், நோட்டு முதலில், காசு அப்புறம். இரண்டு வழியிலும் விடை ஒன்றே. தாளில் வலமிருந்து போவது அடித்துத் திருத்தும் வேலையைக் குறைக்கும் ஓர் எழுத்து வசதி. அதைக் கணிதத்தின் விதி என்று குழந்தையிடம் சொல்வது பொய்.

குச்சியைத் தொடாமலே கழித்தல் கற்ற பிள்ளைகளிடம் ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும்: 52 − 27 = 35. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. இது கவனக்குறைவு அல்ல. ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று முதல் வகுப்பில் நாமே சொன்ன விதியைக் குழந்தை ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒழுங்காகப் பொருத்துகிறது. ஒரு பக்கத்துத் தவறுகள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தால், அங்கே ஒரு விதி வேலை செய்கிறது என்று பொருள். நூறு கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் நூறிலும் அந்த விதியே பயிற்சி பெறும்.

குச்சிக்குள் கணக்கு இல்லை

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவர் உடனே நூறு குச்சி வாங்கி வைத்தால் கணக்கு வந்துவிடுமா? வராது. பத்துக் கட்டைப் பார்த்ததும் நமக்கு ‘பத்து ஒன்றுகள், ஒரு பத்து’ என்று தோன்றுவது ஏற்கெனவே நமக்கு இடமதிப்பு தெரியும் என்பதால். தெரியாத குழந்தைக்குக் கட்டு என்பது துடைப்பத்தின் ஒரு பகுதி. பொருளைப் பற்றிய இந்தப் பெரியவர்களின் மயக்கத்தை அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் டெபோரா பால் 1992லேயே எச்சரித்திருக்கிறார்: விரல் வழியாகப் புரிதல் தானாக ஏறி மூளைக்குப் போய்விடாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. பொருள் வைத்துக் கற்பித்ததையும் குறியீடுகள் மட்டும் வைத்துக் கற்பித்ததையும் ஒப்பிட்ட 55 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. பொருளுக்குச் சாதகமாகத்தான் முடிவு வந்தது. ஆனால் பலன் சிறிது முதல் நடுத்தரம் வரைதான். அதுவும் ஆசிரியர் எந்த அளவுக்கு வழிகாட்டினார் என்பது போன்ற சூழலைப் பொறுத்து மாறியது. பொருளைக் கொட்டிவிட்டு ‘கண்டுபிடி’ என்று விலகிப்போவதும், ‘இப்படி எடு, இப்படி வை’ என்று ஒவ்வோர் அசைவையும் ஆணையிடுவதும் ஒரே பலனின்மையின் இரு முனைகள்.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? கை செய்வது, வாய் சொல்வது, தாளில் விழுவது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். கட்டைப் பிரித்த அந்தக் கணத்திலேயே 5ஐ அடித்து 4 எழுத வேண்டும். அப்போதுதான் அந்த அடித்தல் கோடு ரப்பர் பேண்டைக் கழற்றிய செயலின் பெயராகிறது. பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது வேறு: காலையில் குச்சியோடு விளையாட்டு, மாலையில் நோட்டில் ‘உண்மையான’ கணக்கு. இரண்டுக்கும் உறவிருப்பதைக் குழந்தை தானாக ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகிப்பதில்லை.

இந்த இரண்டு உலகங்கள் எவ்வளவு தூரம் பிரிந்து கிடக்க முடியும் என்பதற்குப் பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவோரக் கடைப் பிள்ளைகள் சான்று. 1985இல் வெளியான அந்த ஆய்வில் பிள்ளைகள் ஐந்து பேர்தான், 9 முதல் 15 வயது வரை. கடையில் நின்றபடி செய்த கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 விழுக்காடு. ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்), பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன் மூன்றுக்கு 105, இன்னொரு மூன்று சேர்த்து 210 என்று ஏற்றிக்கொண்டே போய் 350ஐ அடைந்தான். 35க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் குழந்தைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்து 2025இல் வெளியான பெரிய ஆய்வும் இதையே கண்டது. சந்தைப் பிள்ளைகள் பள்ளிக்கணக்கில் தடுமாறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக்கணக்கில். ஆகவே ‘வாழ்க்கையோடு ஒட்டிக் கற்பித்தால் போதும்’ என்ற பேச்சும் பாதி உண்மைதான். பாலத்தை யாராவது கட்ட வேண்டியிருக்கிறது.

எந்தப் பொருள், எந்த வரிசையில்

கடைகளில் இப்போது விதவிதமாக விற்கிறார்கள். விலைக்கும் பயனுக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்க வேண்டியது வேறொன்று: பத்து என்பது அந்தப் பொருளில் உண்மையாகவே பத்து மடங்கு பெரிதாக இருக்கிறதா?

ஈர்க்குச்சிக் கட்டில் இருக்கிறது, பிரித்தும் பார்க்கலாம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் பொன்மணிகளில் இருக்கிறது: ஒரு மணி ஒன்று, கம்பியில் கோத்த சரம் பத்து, சதுரம் நூறு, கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தைக் கையில் தூக்கும் குழந்தைக்கு அதன் கனம் தெரியும். ஆனால் அந்தச் சரத்தைப் பிரிக்க முடியாது. பத்து உதிரி மணிகளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் முடியும். பிரிப்பதை விட மாற்றிக்கொள்வது ஒரு படி கடினம், ஏனென்றால் ‘இதுவும் அதுவும் சமம்’ என்பதை நம்ப வேண்டியிருக்கிறது. ஒன்று, பத்து, நூறு என்று அளவு வாரியாகப் பள்ளிகளுக்கு வரும் டைன்ஸ் கட்டைகளும் இந்த ரகம்.

ஆணிமணிச்சட்டத்திலோ பத்தாம் இடத்து மணியும் ஒன்றாம் இடத்து மணியும் ஒரே அளவு. மணியின் மதிப்பு அது நிற்கும் கம்பியில்தான் இருக்கிறது. அதாவது அது ஏறக்குறைய எழுத்து மாதிரிதான். பத்து ரூபாய் நோட்டும் அப்படியே: அது பத்து ஒரு ரூபாய்க் காசுகளின் அளவில் இல்லை. ஆகவே கட்டு முதலில், மாற்றிக்கொள்ளும் கட்டை அடுத்து, மணிச்சட்டமும் பணமும் கடைசியில். எத்தனையோ இடங்களில் மணிச்சட்டத்தை முதல் வகுப்பின் முதல் மாதமே வைத்துவிட்டு, ‘பொருள் கொடுத்தும் புரியவில்லை’ என்று குறைபடுகிறார்கள்.

அழகான பொருள் நல்ல பொருளா என்பதும் யோசிக்க வேண்டியது. அமெரிக்காவில் நிக்கோல் மக்நீலும் சக ஆய்வாளர்களும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பணக் கணக்குகளைச் செய்யும்போது சில குழந்தைகளுக்கு நிஜ நோட்டும் காசும் போலவே அச்சடித்தவை, சிலருக்குப் படமில்லாத மொட்டைத் தாள்கள். நிஜப் பணம் போன்றதை வைத்திருந்தவர்கள்தான் அதிகம் தவறு செய்தார்கள். ஆனால் வேடிக்கை, அவர்களுடைய தவறுகளில் கணக்கையே தப்பாகப் புரிந்துகொண்டவை குறைவு. நிஜம் போன்ற பொருள் கணக்கின் அர்த்தத்தை நினைவூட்டுகிறது, அதே சமயம் கண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. டைனோசர் பொம்மைகளை எண்ணச் சொன்னால் மூன்றாவது டைனோசர் நான்காவதைக் கடிக்கப் போய்விடும். புளியங்கொட்டைக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது.

கொட்டை என்றதும் ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கொட்டை, மணி எதுவும் வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் போகும். வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய பொருள்கள் போதும். பெரிய குழந்தைகளானாலும் குன்றிமணியைத் தரவே கூடாது, உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடியையும் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியையும் ஒன்றென்று நினைத்துக் கலந்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பொருள்களுக்கெல்லாம் ஒரு வம்சாவளி உண்டு. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837இல் தன் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கியபோது பந்தும் மரக்கட்டைகளும் பாடப்பொருளாயின. பெல்ஜியத்தின் துவான் ஊர் ஆசிரியர் ஜார்ஜ் குய்செனேர் ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை பத்து நிறக் கோல்களைச் செய்து 1952இல் உலகுக்குச் சொன்னார். ஹங்கேரியில் பிறந்த சோல்டான் டைன்ஸ் தன் கட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டும் முறைக்கு மட்டும் செய்யவில்லை. மூன்று மூன்றாக, நான்கு நான்காக, ஐந்து ஐந்தாகக் கட்டும் தொகுதிகளும் வைத்திருந்தார். பத்தில் மட்டும் பழகினால் ‘கட்டுதல்’ என்ற கருத்தே பிடிபடாது என்பது அவர் எண்ணம். பள்ளிகளில் பரவலாக நிலைத்தது பத்தின் தொகுதிதான். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்தவர். போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் மாட்டிக்கொண்டு, 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலில் சில காலம்.

நம் திண்ணைப் பள்ளிகளில் எல்லாம் கையால் செய்துதான் கற்றார்கள் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். மணலில் விரலால் எழுதியது உண்மை. ஆனால் அங்கே பாடமான எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலின் அச்சாணி மனப்பாடம்: முந்திரி, காணி, மா என்று பின்னங்கள் வரை உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றுவது. அதன் பலம் அது. இல்லாத பெருமையைச் சேர்க்கத் தேவையில்லை.

கையால் கணக்குப் பழகிய இடம் வேறு, வீட்டுக் கூடம். பல்லாங்குழியில் பதினான்கு குழி, எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பாட்டிகள் இருந்தார்கள். குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’. மூன்று இருக்கும் குழியைக் கண்டதும் ‘இன்னும் ஒண்ணு விழுந்தா பசு’ என்று எண்ணாமலே தெரிவது, எண்களைப் பகுத்துப் பார்க்கும் திறனின் தொடக்கம்.

எண்ணத் தெரியும் என்றால் என்ன

மூன்று வயதில் ‘ஒண்ணு ரெண்டு மூணு’ என்று இருபது வரை சொல்லும் குழந்தையிடம் ஏழு கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஏழு வரை சரியாக எண்ணும். "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் பெயர் என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை. ‘எனக்கு நாலு கொட்டை குடு’ என்று கேட்பது இன்னும் நல்ல சோதனை; பல குழந்தைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். பாட்டுப் பாடுவது போல எண்களைச் சொல்வதற்கும் எண்ணுவதற்கும் இடையில் மாதக்கணக்கில் தூரம் இருக்கிறது. அவசரப்படுத்த ஒன்றுமில்லை. தட்டு எடுத்து வைக்கச் சொல்லலாம், ஆளுக்கு ஒன்று. வரிசையாக இருப்பதை எண்ணுவது எளிது. குவியலில் இருப்பதை எண்ணும்போது எண்ணியதைத் தள்ளி வைக்கக் கற்றுத் தரலாம்.

இங்கே தமிழுக்கு ஒரு வசதி இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலக் குழந்தைக்கு ‘லெவன்’ என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் கேட்காது. பதினொன்றில் நமக்குக் கேட்கும். இருபத்து மூன்று என்பது ‘இரு பத்து, மூன்று’. சொல்லே இரண்டு கட்டும் மூன்று உதிரியும். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 52ஐ ௫௰௨ என்று எழுதினார்கள்: ஐந்து, பத்து, இரண்டு. சொன்னபடியே எழுத்து. இப்போது குழந்தைகள் ‘நூற்றி ஐந்து’ என்று கேட்டு 1005 என்று எழுதும்போது நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது, பழைய கணக்குப்பிள்ளை மாதிரி. நூறு அட்டையின் மேல் 5 அட்டையை வலது ஓரம் ஒட்டி வைத்தால் பூஜ்யம் மறைந்து 105 தெரியும். இடமதிப்பு அட்டைகளின் வேலையே அதுதான்.

வசதி தொண்ணூறில் வந்து நின்றுவிடும். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் ‘எண்பத்திப் பத்து’ என்பாள் என் அக்கா மகள். ‘ஒன்பது பத்து’ என்று ஏன் இல்லை என்பதற்கு அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்குக் கட்டுதான் மருந்து: ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து, இதன் பெயர் தொண்ணூறு. நான்கு வயதிலேயே ‘ட்வென்ட்டி த்ரீ’ மட்டும் சொல்லிப் பழகும் வீடுகளில் இருபத்து மூன்றையும் பக்கத்தில் வைத்தால் நஷ்டம் எதுவுமில்லை.

பரமபதம் ஆடும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 25இல் நிற்கிறது, மூன்று விழுந்தது. பெரும்பாலும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று நகர்த்துவோம். ‘இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு’ என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தும் குழந்தைகள் எண்களின் அளவைக் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்கள். நூறு வரை போகும் பலகையை வைத்து ஆய்வாளர்கள் லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அதே பலகை, அதே காய். மாறியது வாய் மட்டும்.

‘அதிகம்’ என்று வந்தால் கூட்டு?

வாழ்க்கைக் கணக்குகளில் பிள்ளைகள் தடுமாறினால் நாம் உதவுவதாக நினைத்து ஒரு சாவியைக் கொடுக்கிறோம்: ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி. அதன் பிறகு அவர்கள் கதையைப் படிப்பதில்லை, சொல்லை வேட்டையாடுகிறார்கள். ‘கமலாவிடம் 8 மாங்காய், ராஜாவிடம் 5. கமலாவிடம் எத்தனை அதிகம்?’ அதிகம் என்று இருக்கிறதே, 13.

ஹட்சன் என்பவர் 1983இல் வெளியிட்ட ஒரு சோதனையை என்னால் மறக்க முடியவில்லை. படத்தில் ஐந்து பறவை, நான்கு புழு. ‘புழுக்களை விடப் பறவைகள் எத்தனை அதிகம்?’ என்று கேட்டபோது மழலையர் வகுப்புக் குழந்தைகளில் கால்வாசிப் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ‘பறவைகளெல்லாம் ஓடிப்போய் ஆளுக்கொரு புழு எடுக்குது. எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?’ என்று கேட்டதும் 96 விழுக்காடு சரி. குழந்தைக்கு ஒப்பிடத் தெரிகிறது. ‘விட அதிகம்’ என்ற மொழிதான் வழுக்குகிறது. அந்த மாங்காய்க் கணக்குக்கு எட்டுக் கொட்டையையும் ஐந்து கொட்டையையும் இரண்டு வரிசையாக ஒன்றுக்கு நேர் ஒன்றாக அடுக்கச் சொன்னால், ஜோடி இல்லாமல் நிற்கும் மூன்று தானாகத் தெரியும். அப்போது ‘இதைத்தான் மூன்று அதிகம் என்கிறோம்’ என்று சொல்லைக் கொடுக்கலாம். சொல் பின்னால் வர வேண்டும்.

கதையை அப்படியே பொருளால் நடித்துக்காட்ட விட்டால் குழந்தைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கார்பென்டர் குழுவினர் 1993இல் காட்டினார்கள். ஒரு வருடம் முழுக்க இப்படிக் கதைக்கணக்குகள் செய்துவந்த 70 மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் ஒன்பது கணக்குகள் கேட்டார்கள். பெருக்கல், வகுத்தல், பல படிக் கணக்குகளும் அதில் அடக்கம். 44 பேர் ஏழோ அதற்கு மேலோ சரியாகச் செய்தார்கள். 32 பேர் ஒன்பதுக்கும் பொருத்தமான வழியைக் கையாண்டார்கள். ஒன்று கூட வராதவர்கள் ஐந்து பேர். வகுத்தல் வாய்ப்பாடு எதுவும் தெரியாத வயது. பன்னிரண்டு முறுக்கை மூன்று தட்டில் வைக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வருவார்கள், அவ்வளவுதான். அதற்கு வகுத்தல் என்று பெயர் இருப்பது மூன்றாம் வகுப்பில் தெரிந்தால் போதும். ஆனால் ‘பன்னிரண்டு முறுக்கு, ஒரு பொட்டலத்துக்கு மூன்று, எத்தனை பொட்டலம்?’ என்பது கையால் செய்யும்போது முற்றிலும் வேறு வேலை. தாளில் இரண்டும் ஒரே 12 ÷ 3. இந்த வேறுபாட்டைக் கையால் அறிந்த பிள்ளைக்குப் பின்னாளில் அரையால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது என்பது புதிராக இருக்காது: ஒரு முறுக்கில் அரை முறுக்கு எத்தனை?

வகுப்பறையில், அப்புறம் பொருளில்லாமல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாகப் பிள்ளைகள். பெருந்தொற்றுக்குப் பிறகு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது; அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, வகுப்புக்கு அல்லாமல் பிள்ளை நிற்கும் இடத்துக்குப் பாடம். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் முப்பது பேருக்குக் குச்சி பங்கிட்டு, திரும்ப எண்ணி வாங்கி, ரப்பர் பேண்டு தெறித்த சண்டையைத் தீர்ப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். கடைசியில் குச்சி ஆசிரியர் கையில் நிற்கும், பிள்ளைகள் பார்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் குச்சிக்கும் கரும்பலகையில் வரைந்த குச்சிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு பேருக்கு ஒரு டப்பா, அதில் பிள்ளைகளே கட்டிய கட்டுகள், வருடம் முழுக்க அவர்களுடையது என்று வைத்தால் பங்கிடும் வேலை பாதியாகும். கட்டுவதே பாடம் என்பதால் நேரமும் வீணில்லை.

பொருள் எப்போது போக வேண்டும் என்ற கேள்விக்கு, பெற்றோர் பயப்படும் அளவுக்கு அவசரம் இல்லை. ஆனால் போகத்தான் வேண்டும். பிடுங்கினால் மேசைக்குக் கீழே விரல் எண்ணுவார்கள். எண்ணட்டும், கணுவைத் தொட்டு எண்ணிய தாத்தா யாரும் கணக்கில் தோற்கவில்லை. எனக்குப் பலித்தது துணியால் மூடுவது. எட்டுக் கொட்டையைக் காட்டி, துண்டால் மூடி, மூன்றை வெளியே எடுத்து, "உள்ளே எத்தனை?" என்று கேட்பது. கண்ணுக்குத் தெரியாத கொட்டையை மனத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. விடை சொன்னதும் துண்டை எடுத்துச் சரிபார்க்கலாம். சரியா தவறா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, குச்சிக்குப் பதில் கோடும் புள்ளியும் வரைவது: கோடு பத்து, புள்ளி ஒன்று. இதை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் செயல், படம், குறியீடு என்று மூன்றாகச் சொன்னார். சிங்கப்பூர்ப் பாடத்திட்டம் 1980களிலிருந்து இந்த வழியில்தான் நடக்கிறது. ஆனால் இது ஒருவழி ஏணி அல்ல; மூன்று இலக்க எண் வந்ததும், நடுவில் பூஜ்யம் வந்ததும் (304இல் 128 போகட்டும் பார்க்கலாம்), படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடி குச்சிக்கு வரும். வரட்டும்.

அக்கா மகளின் டப்பாவில் இப்போது குச்சிகள் பாதிதான் இருக்கின்றன. மீதி பொம்மை வீட்டுக்குக் கூரையாகிவிட்டது. போன வாரம் 63இல் 28 போக எவ்வளவு என்று கேட்டேன். டப்பாவைத் திறக்கவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு."

"எப்படி?"

"மூணு கட்டு உங்களுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு குச்சி அதிகமா போயிடுச்சுல்ல? நீங்க அதைத் திருப்பிக் குடுத்துட்டீங்க."